மகள் எத்னிக் ஸ்டடீஸ் மேஜர் எடுக்கிறேன் என்கிறாள், கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் சொல்லுங்கள்

சான்ஹோசே_அம்மா:

வணக்கம். என் மகள் கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம்) வளாகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பயாலஜி மேஜர் (முதன்மைப் பாடம்), அப்புறம் மெடிசின் என்பதுதான் திட்டம். பட்டம் வாங்க எத்னிக் ஸ்டடீஸில் ஒரு வகுப்பு கட்டாயம் என்று போன செமஸ்டரில் எடுத்தாள், அதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. இப்போது மேஜரையே மாற்றிக்கொள்கிறேன் என்று நிற்கிறாள். அவள் அப்பா "அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்" என்று கேட்டதோடு சரி, இரண்டு பேரும் இப்போது முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை.

அவளைத் தடுக்கவேண்டும் என்று எனக்கு இல்லை. ஆனால் அது என்ன படிப்பு என்று தெரியாமல் யார் பக்கம் பேசுவது? வரலாறா, சமூகவியலா, அரசியலா? கறுப்பின மக்களைப் பற்றியும் பூர்வகுடிகளைப் பற்றியும் இந்த நாட்டில் வளரும் பிள்ளைகள் கட்டாயம் படிக்கவேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு ஒரு வகுப்பு போதாதா, பட்டமே வாங்கவேண்டுமா? மெடிசின் வழி அடைபட்டுப் போகுமா? விவரம் தெரிந்தவர்கள் மழுப்பாமல் சொல்லுங்கள்.

முன்னாள்_எஸ்எஃப்_ஸ்டேட்:

அக்கா, நான் சான் ஃப்ரான்சிஸ்கோ ஸ்டேட்டில் ஏஷியன் அமெரிக்கன் ஸ்டடீஸ் முதுகலை படித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்னிக் ஸ்டடீஸ் என்றால் இங்குள்ள கறுப்பின, பூர்வகுடி, ஆசிய, லத்தீன் மக்களின் வரலாற்றையும் வாழ்க்கையையும் படிப்பது. இந்தப் படிப்பு வந்த கதையைச் சொன்னாலே உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். 1960இல் கலிஃபோர்னியா அரசு உயர்கல்விக்கு ஒரு மாஸ்டர் பிளான் போட்டது. பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்குக்கு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), மேல் மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்டேட் காலேஜ் (இன்றைய கால் ஸ்டேட்), மற்றவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜ். காகிதத்தில் யார் நிறத்தையும் அது பார்க்கவில்லை. ஆனால் நல்ல பள்ளிகள் எந்தப் பகுதிகளில் இருந்தன, அங்கே யாருக்கு வீடு கொடுத்தார்கள் என்று பார்த்தால், வரி கட்டிய கறுப்பின, மெக்சிகன், சீன, ஃபிலிப்பினோ குடும்பங்களின் பிள்ளைகள் அந்த வளாகங்களில் ஏன் இவ்வளவு குறைவாக இருந்தார்கள் என்பது புரியும். அப்படியே உள்ளே போனவர்களுக்கும் தங்கள் குடும்பம் இந்த நாட்டுக்கு எப்படி வந்தது, என்ன பட்டது என்று சொல்லித்தர ஒரு பாடம் கிடையாது.

1968 நவம்பர் 6ஆம் தேதி சான் ஃப்ரான்சிஸ்கோ ஸ்டேட்டில் ஸ்டிரைக் தொடங்கியது. ஜார்ஜ் முர்ரே என்ற கறுப்பின ஆசிரியரை இடைநீக்கம் செய்ததுதான் உடனடிக் காரணம், கோரிக்கைகள் அதற்கு முன்பே இருந்தன. பிளாக் ஸ்டூடன்ட்ஸ் யூனியனோடு லத்தீன், ஃபிலிப்பினோ, சீன, ஜப்பானிய மாணவர் அமைப்புகள் தேர்ட் வேர்ல்ட் லிபரேஷன் ஃப்ரன்ட் என்ற பெயரில் சேர்ந்துகொண்டன. காவல்துறை வளாகத்துக்குள்ளேயே வந்தது. கல்லூரித் தலைவராக அமர்த்தப்பட்ட ஹயகாவா, மாணவர்கள் ஒலிபெருக்கி வைத்திருந்த வண்டிமேல் தானே ஏறி ஒயரைப் பிடுங்கினார். ஜனவரியில் ஆசிரியர்களும் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள், அந்த மாதத்தில் ஒரே நாளில் 400க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். 1969 மார்ச்சில் உடன்பாடு வந்தது, நாட்டின் முதல் எத்னிக் ஸ்டடீஸ் கல்லூரி அப்படித்தான் உருவானது. பெர்க்லியிலும் அதே குளிர்காலத்தில் ஸ்டிரைக் நடந்து ஒரு துறை வந்தது, அங்கே ஆளுநர் ரீகன் அவசரநிலையே அறிவித்தார்.

ஆகவே "அரசியலா" என்று கேட்டால், பிறந்த இடம் அரசியல்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. வகுப்புக்குள் நடப்பது கடினமான வாசிப்பு. நீதிமன்றத் தீர்ப்புகள், சென்சஸ் படிவங்கள், நிலப்பதிவுகள், குடியேற்ற அதிகாரிகளின் விசாரணைக் குறிப்புகள், முதியவர்களிடம் எடுக்கும் வாய்மொழிப் பேட்டிகள். நான் படிக்கும்போது என்னை அதிகம் உலுக்கியது நம் ஆட்களின் கதைதான். பகத் சிங் திண்ட் முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். அவர் குடியுரிமை கேட்ட வழக்கில் 1923இல் உச்ச நீதிமன்றம், சாதாரண மனிதர் பார்வையில் இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார், ஆகவே குடியுரிமை கிடையாது என்றது. அந்தத் தீர்ப்பை வைத்து ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். சான் ஃப்ரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அப்படிப் பறிகொடுத்தவர், 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் குடும்பம் அதற்கு முன்பு பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபோன அன்று அக்கம்பக்கத்தார் கதவைப் பூட்டி உள்ளே விடவில்லை. இன்று அதே பெர்க்லி நகர மையத்தில் ஒரு தெருவுக்கு அவர் மனைவி காலா பகாயின் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் அந்தப் பக்கம் காரில் போகிறோம், வருகிறோம், யார் அந்தப் பெண்மணி என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1946இல்தான் இந்தியர்களுக்குக் குடியுரிமை வழி திறந்தது, அதுவும் ஆண்டுக்கு 100 பேர் என்ற கோட்டாவோடு. 1965 சட்டம் அந்தக் கோட்டா முறையை எடுத்தது. சிவில் உரிமைப் போராட்டம் நடக்காமல் அந்தச் சட்டம் வந்திருக்காது. அந்தச் சட்டத்தில் படித்த தொழில்முறையாளர்களுக்கு முன்னுரிமை இருந்தது, டாக்டர்களும் எஞ்சினியர்களும் அப்படி வந்தார்கள், பிறகு எச்1பி வேலை விசா வந்தது. நம் ஆட்கள் இங்கே நன்றாக இருப்பதற்கு உழைப்பு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் விசாவே படித்தவர்களாகப் பார்த்து வடிகட்டி எடுத்தது என்பதைச் சேர்க்காமல் "நாங்கள் முன்னேறவில்லையா, அவர்களால் ஏன் முடியவில்லை" என்று கேட்பது பெரிய தவறு. நம் வீட்டு விருந்துகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. உங்கள் மகள் எதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது, இதுவாக இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

ஃப்ரீமான்ட்_அப்பா:

மேலே எழுதிய தம்பி சொன்ன வரலாறு முழுக்க உண்மை, எனக்கே பாதி புதிது. ஆனாலும் இந்த அம்மாவின் கணவர் கேட்ட கேள்வியை யாராவது நேராக எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறவர் கேட்பது நியாயமான கேள்வி.

பள்ளி ஆசிரியர் வேலை இருக்கிறது என்பார்கள். 2021இல் ஆளுநர் கையெழுத்திட்ட ஏபி 101 சட்டப்படி, 2030இல் பள்ளி முடிக்கும் மாணவர்களிலிருந்து எத்னிக் ஸ்டடீஸ் ஒரு செமஸ்டர் கட்டாயமாக வேண்டும். ஆனால் அரசு நிதி ஒதுக்கினால்தான் கட்டாயம் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, 2025 பட்ஜெட்டில் நிதி ஒதுக்கவில்லை. சில பள்ளி மாவட்டங்கள் தாமாகவே நடத்துகின்றன, சில நிறுத்திவைத்திருக்கின்றன. அதை நம்பி ஒரு பிள்ளை மேஜரை மாற்றக்கூடாது என்பது என் கருத்து.

அரசியல் காற்றையும் பார்க்க வேண்டும். அரிசோனாவில் 2010இல் சட்டம் போட்டு டூசான் பள்ளிகளின் மெக்சிகன் அமெரிக்கன் ஸ்டடீஸையே மூட வைத்தார்கள். கலிஃபோர்னியாவில் அப்படி நடக்காது என்கிறோம். அரசுப் பல்கலைக்கழகம் அரசுப் பணத்தில் ஓடுகிறது, பட்ஜெட் சுருங்கும்போது சின்ன துறைகள்தான் முதலில் அடிவாங்கும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. பிள்ளை எஃப்1 மாணவர் விசாவில் இருந்தால், அல்லது பெற்றோரின் எச்1பியைச் சார்ந்த எச்4இல் இருந்து 21 வயதில் எஃப்1க்கு மாறவேண்டி வந்தால், எத்னிக் ஸ்டடீஸ் பட்டத்துக்கு ஓபிடி (படிப்பு முடித்தபின் வேலை செய்யும் அனுமதி) 12 மாதம்தான். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், எஞ்சினியரிங், கணிதம்) பட்டம் என்றால் கூடுதலாக 24 மாதம் கிடைக்கும். அந்த இரண்டு வருடத்தில்தான் எச்1பி குலுக்கலில் இன்னும் இரண்டு வாய்ப்பு வருகிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கவலை இல்லை, மற்றவர்கள் யோசித்துத்தான் ஆகவேண்டும்.

யாழ்_சாண்டியாகோ:

ஃப்ரீமான்ட் அண்ணா, அரிசோனா கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். மாணவர்கள் வழக்குப் போட்டார்கள், 2017இல் ஃபெடரல் நீதிபதி வாலஸ் தஷீமா அந்தத் தடை இனவெறுப்பினால் வந்தது, அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னார். அந்த நீதிபதியே சின்ன வயதில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாமில் இருந்தவர், அதுவும் அரிசோனாவில் இருந்த போஸ்டன் (Poston) முகாமில். தடை வந்ததும் உண்மை, அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்பதும் உண்மை.

அம்மா, நான் யூசி சாண்டியாகோவில் எத்னிக் ஸ்டடீஸ் மேஜர் முடித்தேன், ஈழத்துப் பிள்ளை. எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் சண்டையைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் "அகதி" என்றால் பாவம், உதவி தேவைப்படுகிற ஆள், அமெரிக்கா காப்பாற்றின ஆள், அவ்வளவுதான். சாண்டியாகோ துறையில் யென் லே எஸ்பிரிட்டு என்ற பேராசிரியர், தானே வியட்நாமிலிருந்து வந்தவர், அகதிகளை ஆராயும் முறையையே திருப்பிப் போட்டவர். அகதியை ஒரு பிரச்சினையாகப் பார்க்காமல், போர்களை யார் நடத்தினார்கள், யாருடைய குண்டுகள், எந்த இராணுவத் தளம் வழியாக மக்கள் வந்தார்கள் என்று அகதி நிற்கிற இடத்திலிருந்து கேட்பது. கிரிட்டிகல் ரெஃப்யூஜி ஸ்டடீஸ் என்று அதற்கு இப்போது தனிப் பிரிவே இருக்கிறது. அந்த வாசிப்பு இல்லாவிட்டால் என் அம்மாவிடம் என்ன கேள்வி கேட்பது, எதைக் கேட்கவே கூடாது, எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரிந்திருக்காது. வாய்மொழி வரலாறு எடுப்பது ஒரு பயிற்சி, அனுமதி வாங்குவது, பதிவை யார் வைத்திருப்பது, ஊர் பெயரை மறைப்பது எல்லாம் கற்றுத்தருகிறார்கள். நான் இப்போது கவுன்டி சுகாதாரத் துறையில் புலம்பெயர்ந்த குடும்பங்களோடு வேலை செய்கிறேன், அந்தப் பயிற்சியைத்தான் ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாவிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், தமிழர்கள் பேசுகிற இடம் என்பதால். இந்தப் படிப்புக்குப் போனால் சாதியும் வரும். 2022 ஜனவரியில் கால் ஸ்டேட் அமைப்பு முழுவதும் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியையும் சேர்த்தது. அதற்கு அடுத்த வருடம் மாநிலம் முழுவதற்கும் கொண்டுவந்த எஸ்பி 403 சட்டமன்றத்தில் நிறைவேறி, ஆளுநர் நியூசம் வீட்டோ செய்தார். கால் ஸ்டேட்டில் அதற்காக நின்றவர்களில் தலித் மாணவர்கள் இருந்தார்கள். இங்கே நிறவெறியைப் பற்றிக் கோபமாகப் பேசுகிற எங்கள் ஆட்கள் சாதி என்று வந்ததும் "அதெல்லாம் ஊரில்" என்று எழுந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். அம்பேத்கர் 1946இலேயே கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், தீண்டத்தகாத மக்களின் நிலையும் இங்கே கறுப்பின மக்களின் நிலையும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று, ஐ.நா.வுக்குக் கறுப்பின அமைப்புகள் கொடுத்த மனுவின் பிரதியும் கேட்டு. டுபாய்ஸ் பதிலும் எழுதினார். உங்கள் மகள் ஒரு நாள் வீட்டில் வந்து நம் குடும்பம் என்ன சாதி, அதனால் நமக்கு என்ன கிடைத்தது என்று கேட்பாள். கேட்டால் பதில் சொல்லுங்கள், கோபப்படாதீர்கள்.

யூனிட்_கணக்கு:

நான் ஒரு கால் ஸ்டேட் வளாகத்தில் அட்வைஸிங் வேலையில் இருக்கிறேன், அதனால் நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

மெடிசின் முதலில். மெடிக்கல் ஸ்கூல்களுக்கு இன்ன மேஜர் வேண்டும் என்ற விதி இல்லை. பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், ஃபிசிக்ஸ் என்று அவர்கள் கேட்கும் வகுப்புகளை முடித்திருக்க வேண்டும், எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதவேண்டும், அவ்வளவே. எம்கேட்டிலும் 2015 முதல் உளவியல், சமூகவியல் சார்ந்த ஒரு முழுப் பகுதி இருக்கிறது, சமூக ஏற்றத்தாழ்வு உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். எத்னிக் ஸ்டடீஸ் படித்த பிள்ளைக்கு அந்தப் பகுதி பழகியதாகவே இருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான், மேஜர் மாறினால் சில வளாகங்களில் மேல்நிலை பயாலஜி வகுப்புகளில் இடம் கிடைப்பது கஷ்டம், மேஜர் மாணவர்களுக்கு முன்னுரிமை கொடுப்பார்கள். அதனால் விட்டுவிட்டு மாறுவதைவிட இரண்டையும் வைத்துக்கொள்வது பலருக்கு ஒத்துவருகிறது.

பட்டத்துக்கு 120 யூனிட் (வகுப்புகளை அளக்கும் கணக்கு). மகள் எடுத்த கட்டாய வகுப்பு 3 யூனிட், ஏபி 1460 என்ற சட்டத்தால் வந்தது, 2024-25இல் பட்டம் வாங்கியவர்கள் முதல் கட்டாயம். பூர்வகுடி, ஆப்பிரிக்க அமெரிக்க, ஏஷியன் அமெரிக்க, லத்தீன் என்று நான்கு பிரிவில் ஒன்று. (அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஷெர்லி வெபர் சாண்டியாகோ ஸ்டேட்டில் ஆஃப்ரிக்கானா ஸ்டடீஸ் பேராசிரியராக நெடுங்காலம் இருந்தவர், இப்போது மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட். இந்தத் துறையிலிருந்து எங்கே போகமுடியும் என்று கேட்பவர்களுக்கு இதை நான் சொல்வது வழக்கம்.) அந்த 3 யூனிட் பெரும்பாலும் மைனரிலும் மேஜரிலும் கணக்கில் வரும். மைனர் (துணைப் பாடம்) என்றால் 20 யூனிட் அளவில் முடியும், வளாகத்துக்கு வளாகம் மாறும். இரட்டை மேஜர் என்றால் ஒரு செமஸ்டரோ இரண்டோ கூடலாம், இரண்டாம் ஆண்டிலேயே திட்டம் போட்டால் கூடாமலும் முடிக்கலாம். கால் கிராண்ட் (மாநில அரசின் கல்வி உதவித்தொகை) வாங்குகிற குடும்பம் என்றால் அது நான்கு வருடத்துக்குத்தான் என்பதை நினைவில் வையுங்கள். கால் ஸ்டேட் கல்விக் கட்டணம் 2025-26இல் ஆண்டுக்கு 6,450 டாலர், வளாகக் கட்டணம் தனி, ஆகவே ஒரு செமஸ்டர் கூடுவது யூசியில் கூடுவது போல வலிக்காது.

விசா பற்றி மேலே சொன்னது சரி, ஒன்று சேர்க்கிறேன். இரட்டை மேஜரில் ஒன்று ஸ்டெம் என்றால் 24 மாத நீட்டிப்புக்கு அந்த மேஜரை வைத்து விண்ணப்பிக்க வழி உண்டு, வேலையும் அந்தத் துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வளாகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சான்ஹோசே_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. மகள் இங்கேயே பிறந்தவள், விசாக் கவலை எங்களுக்கு இல்லை. மேலே இருப்பதையெல்லாம் அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 1965 சட்டம், விசா வடிகட்டியது என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடியும் படிக்கச் சொன்னார். ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் மகளைக் கூப்பிட்டு பகாய் குடும்பத்தைப் பற்றி உனக்குத் தெரியுமா என்று கேட்டார், அவளுக்குத் தெரிந்திருந்தது, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரட்டை மேஜர் என்றால் சரி என்கிறாள். ஒரு சந்தேகம் மட்டும். பொதுவாக எத்னிக் ஸ்டடீஸ் எடுப்பதா, ஏஷியன் அமெரிக்கன் ஸ்டடீஸ் மட்டும் எடுப்பதா? அவள் வளாகத்தில் இரண்டும் இருக்கிறது.

முன்னாள்_எஸ்எஃப்_ஸ்டேட்:

அக்கா, ரொம்ப சந்தோஷம். என்னைக் கேட்டால், ஏஷியன் அமெரிக்கன் எடுத்தாலும் மற்ற மூன்றிலும் தலா ஒரு வகுப்பாவது எடுக்கச் சொல்லுங்கள். நம் கதையை மட்டும் படித்தால் அது குடும்ப ஆல்பம் பார்ப்பது போல ஆகிவிடும். டெலானோ திராட்சை ஸ்டிரைக்கை 1965இல் முதலில் தொடங்கியவர்கள் லாரி இட்லியோங் தலைமையில் ஃபிலிப்பினோ தொழிலாளர்கள், சில நாளில் சேசர் சாவேஸின் மெக்சிகன் அமெரிக்கத் தொழிலாளர் சங்கம் சேர்ந்தது. அந்த ஒரு ஸ்டிரைக்கைப் படிக்கவே இரண்டு துறை தேவைப்படுகிறது. இம்பீரியல் பள்ளத்தாக்கில் பஞ்சாபி ஆண்கள் மெக்சிகன் பெண்களை மணந்த குடும்பங்களும் அப்படித்தான், எந்தப் பிரிவில் வைத்துப் படிப்பீர்கள்? பூர்வகுடிகள் வகுப்பை முதலிலேயே எடுக்கச் சொல்லுங்கள், யாருடைய நிலத்தில் இந்தக் கதையெல்லாம் நடந்தது என்று அங்கேதான் தெரியும்.

மேஜர் பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு துறைகளின் அலுவலகத்துக்கும் அவளே போகட்டும். வரும் வருடம் என்னென்ன வகுப்புகள் உண்மையில் நடக்கும் என்று கேட்கச் சொல்லுங்கள். வகுப்புப் பட்டியலில் இருக்கும் எல்லா வகுப்பும் ஒவ்வொரு வருடமும் நடப்பதில்லை, நடத்தும் பேராசிரியர்கள் நிரந்தரமா தற்காலிகமா என்பதையும் விசாரிக்கலாம். மேல்நிலை வகுப்புகள் ஆர்கானிக் லேப் நேரத்தோடு இடித்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

யூனிட்_கணக்கு:

மேலே சொன்னதோடு, இரண்டு மேஜரின் டிகிரி ரோட்மேப்பையும் (எந்த வகுப்பை எப்போது எடுப்பது என்ற திட்டம்) அச்செடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அடுத்த செமஸ்டர் பதிவு திறப்பதற்கு முன்பே போவது நல்லது, பதிவு தொடங்கிவிட்டால் எங்களுக்கு ஒரு மாணவரோடு உட்கார பத்து நிமிடம் கூடக் கிடைக்காது.